பள்ளி மாணவர்களுக்குத் தரவுத்தளம் கற்பித்தல்: காகித அட்டையிலிருந்து ஜாயின் வரை

முதல் வகுப்பிலேயே கணினியைத் திறந்து 'கிரியேட் டேபிள்' எழுதச் சொன்னால் மாணவர்கள் எழுதிவிடுவார்கள். அட்டவணையும் உருவாகிவிடும். அடுத்த வாரம், "இந்த நெடுவரிசையை எதற்கு வைத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நடத்தினேன். கட்டளைகள் மனப்பாடம் ஆயின, தரவுத்தளம் மட்டும் புரியவில்லை. பாடத்தின் வரிசையை மாற்றிய பிறகுதான் வகுப்பு நகரத் தொடங்கியது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டு ஒரு பள்ளி நூலகம்: நூல்கள், மாணவர்கள், யார் எதை எடுத்தார்கள் என்ற விவரம்.

1. தொடங்கும் முன் தயாராக வேண்டியவை

தரவுத்தள மென்பொருளாக எஸ்கியூலைட்டையும், அதைத் திரையில் கையாள 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்'டையும் பரிந்துரைக்கிறேன். இரண்டும் இலவசம். சர்வர், பயனர்பெயர், கடவுச்சொல் எதுவும் கிடையாது, முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்புதான். மாணவர் எதையாவது கெடுத்துவிட்டால் அந்தக் கோப்பை மறுபடி நகலெடுத்துக் கொடுத்தால் போதும். சர்வர் வகை மென்பொருளில் தொடங்கினால் முதல் வகுப்பு முழுக்க "கனெக்ட் ஆகவில்லை" என்பதிலேயே போய்விடும்.

ஒவ்வொரு குழுவுக்கும் இருபது வெற்று அட்டைகள் வேண்டும். அதோடு, சுமார் 40 வரிசைகள் கொண்ட ஒரு மாதிரிக் கோப்பை நீங்களே செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் சில பிழைகளைத் தெரிந்தே விட்டுவையுங்கள்: ஒரே வகையின் பெயர் இரண்டு எழுத்துக்கூட்டில், காலியான இரண்டு தேதிகள், ஒரே பெயரில் இரண்டு மாணவர்கள். எந்தக் குறையும் இல்லாத தரவை வைத்துக்கொண்டு தரவுத்தளம் எதற்கு என்று புரியவைக்க முடியாது.

மாணவர்களின் உண்மையான தொலைபேசி எண்ணையோ முகவரியையோ பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம். கோப்புகள் கைமாறும், வீட்டுக்கும் போகும்.

இன்னொரு முக்கியமான முடிவு: அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் முதல் சில வாரங்கள் தமிழிலேயே பெயர் வையுங்கள். எஸ்கியூலைட் அதை ஏற்றுக்கொள்ளும். புதியவர்கள் பலருக்கு எது எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்றே தெரிவதில்லை. நம் பெயர்கள் தமிழிலும் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்திலும் இருந்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்துவிடும். கீழே செலக்ட், ஃப்ரம், வேர் போன்ற கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகத் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

2. கேள்விகளை முதலில் எழுதச் சொல்லுங்கள்

கணினி அணைந்தே இருக்கட்டும். "நூலகப் பொறுப்பாளர் ஒரு நாளில் என்னென்ன கேட்பார்?" என்று கேட்டு, குழுவுக்குப் பத்துக் கேள்விகள் எழுதச் சொல்லுங்கள். இந்த நூல் இப்போது யாரிடம் இருக்கிறது? எந்த வகை நூல்களை அதிகம் எடுக்கிறார்கள்? இதுவரை யாருமே எடுக்காத நூல்கள் எவை?

அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அடிக்கோடிடச் சொல்லுங்கள். அடிக்கோடிட்டவைதான் பின்னால் நெடுவரிசைகள் ஆகும். ஒரு குழு 'அட்டையின் நிறம்' என்று ஒன்றைச் சேர்த்தால் தடுக்காதீர்கள். "எந்தக் கேள்விக்கு இது உதவும்?" என்று மட்டும் கேளுங்கள். கேள்வி இருந்தால் நிறமும் இருக்கட்டும், இல்லையென்றால் அவர்களே நீக்கிவிடுவார்கள்.

3. அட்டைகளை வைத்து ஒரு சுற்று

ஓர் அட்டைக்கு ஒரு நூல்: எண், தலைப்பு, ஆசிரியர், வகை, ஆண்டு, பக்கங்கள். அட்டைகளை மேசையில் பரப்பி, வாய்மொழியாகக் கட்டளை கொடுங்கள். "200 பக்கத்துக்கு மேல் உள்ளவற்றை மட்டும் எடு." "பழைய ஆண்டிலிருந்து புதிய ஆண்டு வரை அடுக்கு." "வகை வகையாகக் குவியல் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை என்று சொல்."

இந்த மூன்றும் வேர், ஆர்டர் பை, குரூப் பை. பெயரை இப்போது சொல்ல வேண்டாம். இரண்டு வாரம் கழித்துக் குரூப் பை வரும்போது "அன்றைக்குக் குவியல் போட்டோமே, அதுதான்" என்றால் போதும். இந்தச் சுற்றைத் தவிர்த்த வகுப்புகளில் குரூப் பை-க்கு மட்டுமே எனக்கு மூன்று வகுப்புகள் தேவைப்பட்டன.

4. ஒரே பெரிய அட்டவணையில் மாட்டிக்கொள்ள விடுங்கள்

இதுதான் முழுப் பாடத்தின் மையம். அவசரப்பட வேண்டாம்.

கரும்பலகையில் ஒரே அட்டவணை போடுங்கள்: மாணவர் பெயர், வகுப்பு, நூல் தலைப்பு, ஆசிரியர், எடுத்த நாள், திருப்பிய நாள். மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒரு வரிசை எழுதட்டும். ஒரே நூலைப் பலர் எடுத்ததாக நீங்களே சொல்லுங்கள். பத்து வரிசைக்குள் முணுமுணுப்பு தொடங்கும்: "இதே தலைப்பை எத்தனை தடவை எழுதுவது?"

இப்போது மூன்று வேலை கொடுங்கள்.

முதல் வேலை: ஒரு மாணவர் வகுப்பு மாறிவிட்டார், திருத்து. அவர் பெயர் வரும் எல்லா வரிசையையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விடுபடும். பெரும்பாலும் நிச்சயமாக விடுபடும்.

இரண்டாவது: புதிதாக வாங்கிய, இன்னும் யாரும் எடுக்காத நூலைச் சேர். மாணவர் பெயரில் என்ன எழுதுவது? சிலர் கோடு போடுவார்கள், சிலர் 'இல்லை' என்று எழுதுவார்கள்.

மூன்றாவது: ஒரே முறை எடுக்கப்பட்ட ஒரு நூலின் இரவல் பதிவை அழி. அழித்ததும் "அந்த நூலின் ஆசிரியர் யார்?" என்று கேளுங்கள். தகவலே இல்லாமல் போயிருக்கும்.

இந்த மூன்று தொல்லைகளையும் பட்ட பிறகு அட்டவணையைப் பிரிக்கலாம் என்ற யோசனை மாணவர்களிடமிருந்தே வரும். நூலைப் பற்றியது ஓர் அட்டவணை, மாணவரைப் பற்றியது இன்னொன்று, யார் எதை எப்போது எடுத்தார் என்பது மூன்றாவது. 'ஒரு தகவல் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்' என்ற விதியை இப்போது எழுதிப் போடுங்கள். இப்படிப் பிரிப்பதைக் குறிக்கும் இயல்பாக்கம் என்ற சொல்லையோ அதன் படிநிலைகளையோ இந்த வயதில் சொல்லித் திணிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

"ஒரே நூல் இரண்டு படிகள் இருந்தால் என்ன செய்வது?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. இப்போதைக்கு ஒவ்வொரு படிக்கும் தனி எண் கொடுங்கள். நான்காவதாக ஓர் அட்டவணை வைத்தால் இன்னும் சரியாக இருக்கும் என்று சொல்லி, அதைக் கேட்டவருக்கே பின்னாளில் செய்யக் கொடுங்கள்.

5. பிரைமரி கீ எதற்கு என்று காட்டுதல்

மாதிரிக் கோப்பில் ஒரே பெயரில் இரண்டு மாணவர்களை வைத்தோம் அல்லவா? 'கவிதா எடுத்த நூலைத் திருப்பிவிட்டார்' என்று பதியச் சொல்லுங்கள். எந்தக் கவிதா என்ற கேள்வி எழுந்ததும் எண்ணின் தேவை விளங்கிவிடும். ஒவ்வொரு வரிசையையும் தனியாக அடையாளம் காட்டும் அந்த எண்தான் பிரைமரி கீ. பாடநூலில் முதன்மைத் திறவுகோல் என்று வரும், இரண்டு பெயரையும் சொல்லிவையுங்கள்.

இங்கே வழக்கமான தவறு, பெயரையும் வகுப்பையும் சேர்த்தால் போதும் என்று நினைப்பது. வகுப்பு ஆண்டுதோறும் மாறும். மாறக்கூடியது எதுவும் அடையாளமாக இருக்க லாயக்கில்லை.

6. அட்டவணையை உருவாக்குதல்

இப்போதுதான் கணினி. சுட்டியால் அழுத்தி உருவாக்கும் வசதி இருந்தாலும் முதல் அட்டவணையைக் கையால் எழுத வையுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் கேட்க அப்போதுதான் முடியும்.

கிரியேட் டேபிள் நூல்கள் (
நூல்_எண் இன்டிஜர் பிரைமரி கீ,
தலைப்பு டெக்ஸ்ட் நாட் நல்,
ஆசிரியர் டெக்ஸ்ட்,
வகை டெக்ஸ்ட் நாட் நல்,
ஆண்டு இன்டிஜர்,
பக்கங்கள் இன்டிஜர்
) ஸ்ட்ரிக்ட்;

'நாட் நல்' என்றால் அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது. கடைசியில் உள்ள 'ஸ்ட்ரிக்ட்' முக்கியம். அது இல்லாவிட்டால் பக்கங்கள் என்ற எண் நெடுவரிசையில் 'இருநூறு' என்று எழுத்தில் இட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும். பிறகு சராசரி தப்பாக வரும், காரணம் புரியாது. 2021-இல் வந்த 3.37 பதிப்பு முதல்தான் இந்த வசதி உண்டு, ஆகவே எல்லாக் கணினியிலும் பதிப்பைப் பார்த்துவிடுங்கள்.

எது எண் (இன்டிஜர்), எது எழுத்து (டெக்ஸ்ட்)? கூட்டிக் கழிப்பது எண். தொலைபேசி எண்ணையோ 007 போன்ற சேர்க்கை எண்ணையோ யாரும் கூட்டுவதில்லை. அவற்றை எண் வகையில் வைத்தால் முன்னால் உள்ள சுழியம் காணாமல் போகும்.

தேதிக்கு எஸ்கியூலைட்டில் தனி வகை இல்லை, எழுத்தாகவே வைக்கிறோம். அதனால் 2024-03-05 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், சுழியத்தோடு எழுத வேண்டும். 5-3-2023 என்றும் 12-1-2024 என்றும் எழுதினால் வரிசைப்படுத்தும்போது 12-1-2024 முதலில் வந்து நிற்கும். எழுத்தாக ஒப்பிடும்போது 1 என்பது 5-க்கு முந்தியது.

மாணவர்கள் அட்டவணையில் வயது என்ற நெடுவரிசை கட்டாயம் யாராவது வைப்பார்கள். அடுத்த ஆண்டு அது பொய்யாகிவிடும். பிறந்த தேதி பொய்யாகாது.

மாணவர்கள் அட்டவணையையும் இதே போல அமைத்துவிட்டு, மூன்றாவதுக்கு வாருங்கள்.

கிரியேட் டேபிள் இரவல் (
இரவல்_எண் இன்டிஜர் பிரைமரி கீ,
நூல்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் நூல்கள்(நூல்_எண்),
மாணவர்_எண் இன்டிஜர் நாட் நல் ரெஃபரன்சஸ் மாணவர்கள்(மாணவர்_எண்),
எடுத்த_நாள் டெக்ஸ்ட் நாட் நல்,
திருப்பிய_நாள் டெக்ஸ்ட்
) ஸ்ட்ரிக்ட்;

திருப்பிய_நாளுக்கு மட்டும் 'நாட் நல்' போடவில்லை. ஏன் என்று கேளுங்கள். இன்னும் திருப்பாத நூலுக்கு அந்தத் தேதியே கிடையாது.

ரெஃபரன்சஸ் என்பது ஃபாரின் கீ: இங்கே இடும் எண் அந்த இன்னொரு அட்டவணையில் இருந்தாக வேண்டும். எஸ்கியூலைட்டில் இந்தச் சரிபார்ப்பு இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் 'பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்' என்ற அமைப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். டிபி பிரவுசரில் 'எடிட் பிராக்மாஸ்' பகுதியில் அதன் நிலை தெரியும், வகுப்புக்கு முன் பார்த்துவிடுங்கள். இல்லாத மாணவர் எண் 999-க்கு ஓர் இரவல் பதிவு போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. பிழைச்செய்தி வந்தால் எல்லாம் சரி.

7. தரவை இடுதல்

வரிசை முக்கியம்: முதலில் நூல்கள், மாணவர்கள், கடைசியில் இரவல். இரவல் மற்ற இரண்டையும் சுட்டுகிறது, அவை இல்லாமல் அது நிற்காது.

ஒவ்வொருவரும் ஐந்து வரிசைகளை 'இன்செர்ட் இன்டு' எழுதி இடட்டும். மீதியைக் கோப்பிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் தட்டச்சு செய்வதில் கற்க எதுவும் இல்லை.

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். எழுத்துச் செயலியிலிருந்து ஒட்டும்போது மேற்கோள் குறி வளைந்துவிடும், கட்டளை ஓடாது. நேர்க்குறிதான் வேண்டும். அடுத்தது, டிபி பிரவுசரில் மாற்றங்களைச் சேமிக்கும் 'ரைட் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்தாமல் மூடுவது. மூன்றாவது, சொல்லின் பின்னால் ஓர் இடைவெளி விடுவது. 'அறிவியல்' வேறு, இடைவெளியோடு முடியும் 'அறிவியல்' வேறு. திரையில் இரண்டும் ஒன்றுதான்.

தமிழ்த் தரவில் இன்னொரு கண்ணி உண்டு. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒரே குறியாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. எஸ்கியூலைட்டுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். தேடினால் கிடைக்கவில்லை என்று மாணவர் சாதித்தால் அவரை நம்புங்கள், சொல்லை அதே விசைப்பலகையில் மறுபடி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. வினவல்: ஓட்டும் முன் விடையைச் சொல்ல வேண்டும்

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் கட்டளைதான் வினவல். என் வகுப்பில் ஒரு விதி உண்டு. எந்த வினவலையும் ஓட்டும் முன், எத்தனை வரிசை வரும் என்று நோட்டில் எழுத வேண்டும். டிபி பிரவுசர் எத்தனை வரிசை வந்தது என்று கீழே காட்டும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிழைச்செய்தி வந்தால் மாணவர்கள் திருத்திக்கொள்வார்கள். பிழையே காட்டாமல் தவறான விடை வரும்போதுதான் ஏமாந்துபோகிறார்கள், அதைப் பிடிக்க இந்த விதி ஒன்றுதான் வழி.

ஒரு வகுப்புக்கு ஒரு பகுதி மட்டும் சேருங்கள்.

செலக்ட் தலைப்பு, பக்கங்கள் ஃப்ரம் நூல்கள்;

செலக்ட் தலைப்பு, பக்கங்கள் ஃப்ரம் நூல்கள் வேர் பக்கங்கள் > 200;

செலக்ட் தலைப்பு, பக்கங்கள் ஃப்ரம் நூல்கள் வேர் பக்கங்கள் > 200 ஆர்டர் பை பக்கங்கள் டெஸ்க்;

'டெஸ்க்' என்றால் பெரியதிலிருந்து சிறியதுக்கு அடுக்குவது. எழுதும் வரிசை வேறு, பொருள்கொள்ளும் வரிசை வேறு என்று சொல்லிவையுங்கள். எந்த அட்டவணை, எந்த வரிசைகள், அப்புறம்தான் எந்த நெடுவரிசைகள். ஆகவே மாணவர்கள் ஃப்ரம் பகுதியை முதலில் எழுதிவிட்டு, செலக்ட் பகுதியைக் கடைசியில் நிரப்பினால் தடுமாற்றம் குறைகிறது.

இனி ஓர் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். "அறிவியல் நூல்களையும் வரலாற்று நூல்களையும் காட்டு" என்று கேள்வி கொடுத்தேன். ஒரு மாணவி எழுதியது:

வேர் வகை = 'அறிவியல்' ஆண்ட் வகை = 'வரலாறு'

ஒரு வரிசை கூட வரவில்லை. அவள் மேல் தவறில்லை. தமிழில் 'உம்' வந்தால் ஆண்ட் என்றுதானே தோன்றும்? அட்டையை எடுத்து, "இந்த ஒரே அட்டையில் வகை அறிவியலாகவும் வரலாறாகவும் இருக்க முடியுமா?" என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே ஆர் என்று மாற்றினாள். வேர் ஒவ்வொரு வரிசையாகத்தான் பார்க்கும் என்பது அன்று முழு வகுப்புக்கும் விளங்கியது.

ஆனால் பக்கத்தில் இருந்தவன் இப்படி மாற்றினான்:

வேர் வகை = 'அறிவியல்' ஆர் 'வரலாறு'

இது ஓடும், பிழையும் வராது, ஆனால் அறிவியல் மட்டும் வரும். வெறும் 'வரலாறு' என்ற சொல்லை எஸ்கியூலைட் சுழியமாக, அதாவது பொய்யாக எடுத்துக்கொள்கிறது. எண்ணிக்கையை முன்பே எழுதியிருந்ததால்தான் அவன் பிடித்தான். ஆருக்கு இரு பக்கமும் முழு ஒப்பீடு வேண்டும்.

நல் இன்னொரு பள்ளம். 'வேர் திருப்பிய_நாள் = நல்' என்று எழுதினால் எதுவும் வராது. நல் என்றால் மதிப்பு தெரியாது என்று பொருள். தெரியாத ஒன்று எதற்கும் சமம் என்று சொல்ல முடியாது, இன்னொரு நல்லுக்கும்கூட. 'திருப்பிய_நாள் இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை ஆர்டர் பை கொண்டு அடுக்கினால் அகரவரிசை சரியாக வராது. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு வரிசையில் ன, ப-வுக்கு முன்பே வந்துவிடுகிறது. ற, ல-வுக்கு முன் வருகிறது. மாணவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் பாராட்டுங்கள். அதே போல சொல்லின் நீளத்தை லெங்த்('தமிழ்') என்று கேட்டால் 3 வராது, 5 வரும். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன.

9. எண்ணுதலும் குழுவாக்கமும்

செலக்ட் வகை, கவுன்ட்(*) ஃப்ரம் நூல்கள் குரூப் பை வகை;

குவியல்களை நினைவூட்டுங்கள். ஒரு குவியலுக்கு விடையில் ஒரு வரிசை. ஆகவே குவியலுக்குப் பொதுவானதையோ குவியல் முழுவதையும் கணக்கிட்டதையோதான் செலக்டில் வைக்கலாம். தலைப்பையும் சேர்த்தால் எஸ்கியூலைட் தடுக்காது, ஏதோ ஒரு நூலின் தலைப்பைக் காட்டிவிடும். அந்தத் தலைப்புக்கு அர்த்தம் கிடையாது.

கவுன்ட்(*) வரிசைகளை எண்ணும். கவுன்ட்(திருப்பிய_நாள்) மதிப்பு உள்ளவற்றை மட்டும் எண்ணும். இரவல் அட்டவணையில் இரண்டையும் ஓட்டி, கழித்துக் காட்டுங்கள். வெளியில் இருக்கும் நூல்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். குவியல் போடும் முன் வடிகட்டுவது வேர், போட்ட பின் குவியல்களை வடிகட்டுவது ஹேவிங்.

10. ஜாயின்

பிரித்து வைத்த அட்டவணைகளை விடைக்காக மறுபடி இணைப்பதுதான் ஜாயின். முதலில் தவறாக ஓட்டிக் காட்டுங்கள். 20 நூல்கள், 15 மாணவர்கள் இருந்தால் 'செலக்ட் * ஃப்ரம் நூல்கள் ஜாயின் மாணவர்கள்' என்பது 300 வரிசைகளைத் தரும். ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு மாணவரோடும் ஒட்டிக்கொள்கிறது. அதில் உண்மையானவை எவை என்று சொல்வதுதான் ஆன்.

செலக்ட் மாணவர்கள்.பெயர், நூல்கள்.தலைப்பு
ஃப்ரம் இரவல்
ஜாயின் மாணவர்கள் ஆன் இரவல்.மாணவர்_எண் = மாணவர்கள்.மாணவர்_எண்
ஜாயின் நூல்கள் ஆன் இரவல்.நூல்_எண் = நூல்கள்.நூல்_எண்
வேர் இரவல்.திருப்பிய_நாள் இஸ் நல்;

இரண்டாவது படியில் எழுதிய 'இப்போது யாரிடம் இருக்கிறது?' என்ற கேள்விக்கு விடை இதுதான். அந்தத் தாளை எடுத்து வந்து பக்கத்தில் வையுங்கள். யாரும் எடுக்காத நூல்களுக்கு, நூல்களில் தொடங்கி இரவலோடு லெஃப்ட் ஜாயின் செய்து, இரவல்_எண் இஸ் நல் என்று கேட்க வேண்டும். சாதாரண ஜாயின் இணை இல்லாத வரிசைகளை விட்டுவிடும், லெஃப்ட் ஜாயின் முதல் அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொள்ளும்.

மூன்று அட்டவணைகளையும் ஒரே மூச்சில் இணைக்க விடாதீர்கள். இரண்டை இணைத்து, எண்ணிக்கை பார்த்து, பிறகு மூன்றாவது.

11. திருத்தலும் அழித்தலும் கடைசியில்

அப்டேட், டிலீட் இரண்டையும் வேர் நன்றாகப் பழகிய பிறகுதான் தருகிறேன். வேர் இல்லாத டிலீட் அட்டவணை முழுவதையும் காலி செய்துவிடும், "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. பழக்கம் இதுதான்: முதலில் அதே வேர் பகுதியோடு செலக்ட் ஓட்டு, வரிசைகளைப் பார், சரியென்றால் செலக்ட் பகுதியை எடுத்துவிட்டு டிலீட் போடு. தவறினால், 'ரைட் சேஞ்சஸ்' அழுத்துவதற்கு முன்பானால், 'ரிவர்ட் சேஞ்சஸ்' காப்பாற்றும். நகல் கோப்பில் ஒருமுறை வேண்டுமென்றே காலி செய்து, மீட்டுக் காட்டுங்கள்.

12. புரிந்ததா என்று பார்ப்பது

'இந்தக் கட்டளையை எழுது' என்ற தேர்வு மனப்பாடத்தைத்தான் அளக்கும். நான் மூன்று விதமாகக் கேட்கிறேன். கேள்வியை வெறும் பேச்சுத் தமிழில் கொடுத்து வினவல் எழுதச் சொல்வது. வினவலைக் கொடுத்து, அது எந்தக் கேள்விக்கு விடை என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்வது. ஓடும் ஆனால் தவறான விடை தரும் வினவலைக் கொடுத்து, எங்கே பிசகு என்று கேட்பது. மூன்றாவதில் தேறியவருக்கு அடுத்த வேலையாக, அவரே தேர்ந்தெடுத்த ஒரு பொருளில் கேள்விப் பட்டியலும் வெற்று அட்டைகளும் கொடுத்துவிடுங்கள். இரண்டாவது படியிலிருந்து அவர் தனியாகத் தொடங்கட்டும்.